ஒருமுறை நிரப்பினால் கிளிநொச்சி போய்த் திரும்பலாமா? கெப் வாகனங்களின் தாங்கிக் கொள்ளளவு பற்றி

கொட்டாஞ்சேனைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் கொள்வனவு செய்து கிளிநொச்சிக் கடைகளுக்கு மின்சாதனப் பொருட்கள் அனுப்பும் சிறு வியாபாரம் எங்களுடையது. இதுவரை வாடகை லொறிதான். கணக்குப் பார்த்தால் வாடகைக்கே இலாபத்தில் பாதி போகிறது. இனிச் சொந்தமாக ஒரு டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வண்டி) வாங்குவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி.

எனக்கு முக்கியமானது ஒன்று: கொழும்பில் தாங்கியை நிரப்பினால் கிளிநொச்சிக்குச் சுமையோடு போய், இறக்கிவிட்டு, இடையில் எங்கும் டீசல் அடிக்காமல் திரும்பி வர வேண்டும். நான் பார்த்த அளவில் ஹைலக்ஸ், ரேஞ்சர், நவாரா மூன்றுக்கும் 80 லீற்றர், டி-மெக்ஸுக்கு 76, எல்200க்கு 75. ஐந்து லீற்றர் வித்தியாசத்துக்காக இலட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது முட்டாள்தனமா?

இன்னொன்று. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஃபோர்ட் எஃப்-150 வைத்திருக்கிறான். அதன் தாங்கி 136 லீற்றராம். "உங்கள் கெப்பெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்கிறான். அவனையும் இந்த இழைக்கு அழைத்திருக்கிறேன். வந்தால் நேரிலேயே கேளுங்கள்.

வெள்ளவத்தை ஒழுங்கை

தாங்கி எவ்வளவு என்று கேட்காதீர்கள், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேளுங்கள். 80 லீற்றர் தாங்கியும் லீற்றருக்கு 8 கிலோமீற்றரும் என்றால் 640. 75 லீற்றர் தாங்கியும் லீற்றருக்கு 11 கிலோமீற்றரும் என்றால் 825. இதற்குமேல் என்ன விவாதம்?

கொட்டாஞ்சேனைக்காரன்

விவாதம் அந்த 8ஆ 11ஆ என்பதில்தானே! விற்பவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டு 14 என்கிறார்கள். ஓட்டுபவர்களைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்காபரோ தம்பி

வந்துவிட்டேன். அண்ணா என் பேச்சைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் 136 உண்மை. எல்லா எஃப்-150க்கும் அது இல்லை. வண்டியின் அமைப்பைப் பொறுத்து 23 கலன், 26 கலன், 36 கலன் என்று அளவுகள் உண்டு. லீற்றரில் 87, 98, 136. என்னுடையது 3.5 லீற்றர் டர்போ பெற்றோல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், 36 கலன்.

இங்கே பெரிய தாங்கி ஆடம்பரம் அல்ல. பனிக்காலத்தில், நள்ளிரவில், நெடுஞ்சாலையின் அடுத்த நிலையம் எவ்வளவு தூரத்தில் என்று தெரியாமல் போகும்போது அதன் அருமை தெரியும். 401 நெடுஞ்சாலையில் மொன்றியல் போய்த் திரும்பினாலும் முள் அடியைத் தொடாது. பெருஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 11 லீற்றர் குடிக்கிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கணக்கன்

பெருக்கியாயிற்று. 136ஐ 11ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1,236 கிலோமீற்றர். கடைசிச் சொட்டுவரை ஓட்டினால்தான் அந்த எண். யாரும் அப்படி ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது.

ஆனால் தம்பி பெருஞ்சாலைக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நழுவுகிறார். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்குப்படி அந்த எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்தால் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து கலனுக்கு ஏறத்தாழ 20 மைல். அதாவது லீற்றருக்கு 8.5 கிலோமீற்றர். 36 கலனுக்கு 720 மைல், 1,160 கிலோமீற்றர்.

இங்கே நம் பெரியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கலன் என்றால் இலங்கையில் பழைய ஆட்கள் நினைப்பது பிரித்தானியக் கலனை, 4.55 லீற்றர். அமெரிக்கக் கலன் 3.79 லீற்றர்தான். அமெரிக்கக் காணொளியில் "20 மைல்" என்று கேட்டுவிட்டு "என் அப்பாவின் மொரிஸ் 35 மைல் ஓடியதே" என்று ஒப்பிட்டால் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு பிசகும். 36 கலனைப் பிரித்தானியக் கலனாக எடுத்தால் 164 லீற்றர் ஆகிவிடும். அப்படியொரு எஃப்-150 கிடையாது.

பெரிய தாங்கி வரிசையில் எஃப்-150 முதலாவதும் இல்லை. டொயோட்டா டண்ட்ராவின் முந்தைய தலைமுறையில் 38 கலன் தாங்கி இருந்தது, 144 லீற்றர். இப்போதைய தலைமுறையில் அதைக் குறைத்து 32.2 கலன் ஆக்கிவிட்டார்கள். ராம் 1500இல் 33 கலன் வரை வாங்கலாம். ஃபோர்டின் சுப்பர் டியூட்டி டீசல் நீளப் பெட்டி வகையில் 48 கலன், ஏறத்தாழ 182 லீற்றர். அது நம் ஊர்க் கணக்கில் லொறி.

வெள்ளவத்தை ஒழுங்கை

தம்பியின் எஃப்-150 ஏறத்தாழ 5.9 மீற்றர் நீளம், கண்ணாடிகளை விட்டுவிட்டு 2.03 மீற்றர் அகலம். எங்கள் ஒழுங்கையில் அது உள்ளே வந்தால் மாநகரசபைக் குப்பை வண்டி அன்று வராது. ஹைலக்ஸே 5.3 மீற்றர். அதைத் திருப்புவதற்குள் கீழ் வீட்டு ஐயா மூன்று முறை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஸ்காபரோ தம்பி

ஒழுங்கைக்கு ஏற்ற வாகனம் வேண்டுமென்றால் ஓட்டோ வாங்குங்கள் ஐயா. நாங்கள் சுமை பற்றிப் பேசுகிறோம்.

கணக்கன்

சுமை பற்றியே பேசுவோம். 136 லீற்றர் பெற்றோலின் எடை மட்டும் ஏறத்தாழ 100 கிலோ. 80 லீற்றர் டீசல் 67 கிலோ. எஃப்-150இன் இரட்டைக் கேபின், நான்கு சக்கர இயக்க வகைகள் பலவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 700 முதல் 850 கிலோ அளவில்தான் வருகிறது. ஹைலக்ஸ் போன்றவை ஒரு தொன்னுக்குக் கிட்ட ஏற்றும். பெரிய வண்டி கூட ஏற்றும் என்பது கண்ணுக்குத் தெரியும் கதை. பின்னால் இழுப்பதில் அது பெரியது. முதுகில் சுமப்பதில் இல்லை.

ஸ்காபரோ தம்பி

இழுப்பதில் பெரியது என்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. கோடையில் படகை இழுத்துக்கொண்டு போனால் எரிபொருள் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 1,200 என்பது 600 ஆகும். அப்போதும் உங்கள் வெறும் கெப் ஓடும் தூரத்துக்குக் கிட்ட ஓடுவேன். இங்கே பெரிய தாங்கி வைப்பதன் காரணமே அதுதான். இழுவை வண்டியோடு ஒவ்வொரு நிலையத்திலும் நுழைந்து திரும்ப முடியாது.

பஞ்சிகாவத்தை பாஸ்

கனடாக் கதையை ஒருபுறம் வைத்துவிட்டு வாங்கப்போகிறவருக்குப் பயன்படுகிறதைப் பேசுவோம். நான் கெப் வாகனங்களின் எரிபொருள் வேலைதான் செய்கிறேன்: பம்ப், இன்ஜெக்டர், தாங்கி.

புத்தகத்தில் 80 என்று எழுதியிருந்தால் 80 லீற்றரும் உங்களுக்குக் கிடைக்காது. உறிஞ்சும் குழாய்க்குக் கீழே கொஞ்சம் எப்போதும் நிற்கும். மேலே எரிபொருள் வெப்பத்தில் விரிவதற்கு இடம் விட்டிருப்பார்கள். எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு அளவு இருக்கும்போதே எரிந்துவிடும். ஆக, நிம்மதியாக ஓட்டக்கூடியது 80இல் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 76க்கு 66. 75க்கு 65. திட்டம் போடும்போது இந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

விளக்கு எரிந்த பின்னும் "இன்னும் 60 கிலோமீற்றர் காட்டுகிறதே" என்று ஓட்டுகிறவர்கள்தான் எங்கள் கராஜுக்குச் சோறு போடுகிறவர்கள். இப்போதைய கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) டீசல் எஞ்சினில் பம்ப் 2,000 பார் அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறது. அந்தப் பம்புக்கு எண்ணெய் தனியாகக் கிடையாது. டீசல்தான் அதற்கு எண்ணெய். தாங்கி வறண்டு காற்று உள்ளே போனால் உலோகத்தின் மேல் உலோகம் உரசும். உரசிய பொடி இன்ஜெக்டர்வரை போகும். பழைய எல்200இல் காற்றெடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம், உண்மைதான். அந்தக் காலம் போய்விட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. பம்பிலிருந்து மிஞ்சும் டீசல் சூடாகித் தாங்கிக்குத் திரும்புகிறது. தாங்கி நிறைய இருந்தால் அந்தச் சூடு பரவிப் போகும். பத்து லீற்றரில் வெயில் நேரத்தில் ஓட்டினால் அதே டீசல் சுற்றிச் சுற்றிச் சூடாகும். கால் தாங்கிக்குக் கீழே விடாதீர்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுவும்தான்.

கொட்டாஞ்சேனைக்காரன்

பாஸ் ஐயா, மிக்க நன்றி. அப்படியென்றால் நான் கேட்டது நடக்காது போலிருக்கிறதே? கொழும்பு–கிளிநொச்சி போக வர 660 கிலோமீற்றர் அளவில் வரும். 70 லீற்றரில் அது முடியுமா? இல்லாவிட்டால் பெட்டிக்குள் ஒரு துணைத் தாங்கி பூட்டிக்கொள்ளலாமா? அவுஸ்திரேலியாவில் ஹைலக்ஸுக்கு 140 லீற்றர் அளவில் மாற்றுத் தாங்கி விற்கிறார்களாமே.

கணக்கன்

முதலில் முடியுமா என்று பார்ப்போம். புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பாதை முழுவதும் சமதரை. மணிக்கு 60–70இல் ஒரே சீராக ஓடுவதற்கு இலங்கையில் இதைவிட நல்ல பாதை இல்லை. போக்குவரத்துப் பொலிஸாரும் அதற்குமேல் ஓட விடமாட்டார்கள். சுமையோடு லீற்றருக்கு 9.5 என்றால் போவதற்கு 35 லீற்றர். வெறுமையாகத் திரும்பும்போது 12 என்றால் 27 அல்லது 28. மொத்தம் 62, 63. புறக்கோட்டையில் சரக்கு ஏற்றக் காத்துக் கிடப்பதற்கும் பேலியகொடை நெரிசலுக்கும் 4 லீற்றர் சேருங்கள். 67. பாஸ் சொன்ன 70க்குள் அடங்குகிறது, 66ஐ ஒட்டி நிற்கிறது, 65ஐத் தாண்டுகிறது. விளக்கு எரிந்தபடி வீட்டுக்கு வருவீர்கள்.

ஆக 80க்கும் 75க்கும் இடையிலுள்ள அந்த ஐந்து லீற்றர் உங்கள் பாதைக்கு மட்டும் பொருள் உள்ளது. யாழ்ப்பாணம்வரை போகிறவருக்கு இரண்டும் போதாது; திருகோணமலை போகிறவருக்கு இரண்டும் தாராளம். ஆனால் அதே வண்டி லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கூட ஓடினால் 660இல் ஆறு லீற்றருக்குக் கிட்ட மிச்சம். ஐந்து லீற்றர் பெரிய தாங்கியை விட அது பெரிது, அதற்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

ஹற்றன் வீதி

சமதரைக்காரர்கள் எவ்வளவு இலகுவாகக் கணக்குப் போடுகிறீர்கள்! நான் அவிசாவளை, ஹற்றன், நுவரெலியாப் பாதையில் தோட்டங்களுக்குப் பொருட்கள் கொண்டுபோகிறவன். கித்துல்கலை தாண்டியதும் கியர் கீழே இறங்கும், அதன்பின் மேலே வராது. அதே டி-மெக்ஸ், அதே டயர், அதே சாரதி. ஏறும்போது லீற்றருக்கு 6 காட்டும். இறங்கும்போது 16 காட்டும். முகப்புத் திரையில் "இன்னும் 410 கிலோமீற்றர்" என்று எழுதியிருக்கும்; அரை மணி நேரத்தில் அது 290 ஆகும். 120 கிலோமீற்றர் ஓடியிருக்கவே மாட்டேன்.

கணக்கன்

அந்தத் திரை பொய் சொல்லவில்லை, பழங்கதை சொல்கிறது. கடைசியாக ஓடிய தூரத்தின் சராசரியை எடுத்து மிச்சமுள்ள எரிபொருளோடு பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது.

மலைக்கு எவ்வளவு என்பதைத் தனியாகவே கணக்கிடலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். 2.2 தொன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க 40 மெகாஜூல் வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. ஆக உயரத்துக்கு மட்டும் மூன்று லீற்றருக்குச் சற்று மேல். ஒரு தொன் சுமையும் சேர்ந்தால் ஐந்து லீற்றருக்குக் கிட்ட. பாதையில் ஓடுவதற்கான டீசல் இதற்கு வெளியே. இறங்கும்போது எல்லாம் திரும்பக் கிடைப்பதில்லை, ஏனென்றால் பிரேக்கில் சூடாகப் போய்விடுகிறது. மின்கலமும் மோட்டாரும் உள்ள வண்டிகள்தான் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கின்றன. பிவைடி ஷார்க் என்ற கலப்பின கெப்புக்கு 60 லீற்றர் தாங்கி போதுமென்று விட்டிருப்பதும் அந்தத் துணிச்சலில்தான்.

ஹற்றன் வீதி

இறங்கும்போது பிரேக்கை மிதிக்காதீர்கள் ஐயா, கியரில் இறக்குங்கள். அப்போது எஞ்சினுக்கு டீசலே போகாது. 16 காட்டுவது அதனால்தான். நியூட்ரலில் போட்டு உருட்டிச் சேமிக்கிறோம் என்கிறவர்களோடு நான் பயணம் போவதில்லை.

கொக்குவில் மாமா

இப்போது தெஹிவளையில் மகள் வீட்டில் இருக்கிறேன். உங்கள் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்துக் கணக்கு வேறு.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடவில்லை. போத்தலில் விற்ற கொஞ்சத்துக்கு வாயில் வந்ததுதான் விலை. ஒஸ்ரின், மொரிஸ் கார்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. அதனால் எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறு போத்தலைத் தொங்கவிட்டு, அதற்குள் அரைப் போத்தல் பெற்றோல் வைத்து, மருத்துவமனையில் சேலைன் ஏற்றும் குழாயால் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக விடுவோம். எஞ்சின் சூடானதும் குழாயின் சிறு சக்கரத்தை உருட்டி அதை அடைத்து, பெரிய தாங்கியின் மண்ணெண்ணெயைத் திறப்போம். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட்டால் அடுத்த முறை கிளம்புவது இலகு. மறந்தவர் தள்ளுவார். வீதியெல்லாம் வெள்ளைப் புகை. உடுப்பில் அந்த மணம் தோய்த்தாலும் போகாது.

ஆக இரட்டைத் தாங்கி வண்டி எங்களுக்குக் கனடா சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று நாற்பது லீற்றர், மற்றது அரைப் போத்தல். எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அரைப் போத்தல்தான் தீர்மானித்தது.

ஸ்காபரோ தம்பி

மாமா, அப்பாவும் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சேலைன் குழாயை எங்கே வாங்கினீர்கள் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

கொக்குவில் மாமா

நானும் சொல்லமாட்டேன்.

பஞ்சிகாவத்தை பாஸ்

துணைத் தாங்கிக் கேள்விக்கு வருகிறேன். அவுஸ்திரேலியாவில் விற்பவை கம்பெனித் தாங்கியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டுபவை. அவர்களுடைய பாலைவனப் பாதைகளுக்கு அது தேவை. அங்கே விற்கும் டொயோட்டா லாண்ட் குரூசர் 79 கெப்புக்குக் கம்பெனியே 130 லீற்றர் வைக்கிறது. அதே வரிசையின் 78 வகையில் 90 லீற்றர் தாங்கிகள் இரண்டு, மொத்தம் 180. உலகெங்கும் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் ஓட்டும் வண்டி அது.

இங்கே நடப்பது வேறு. யாராவது ஒரு வெல்டிங் கடையில் தகடு வெட்டிப் பெட்டி செய்து சேஸிஸில் தொங்கவிடுகிறார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அப்படிச் செய்த சிலவற்றைக் கழற்றியிருக்கிறேன். உள்ளே தடுப்புத் தகடு இல்லை. பாதித் தாங்கியில் திருப்பத்தில் டீசல் முழுதும் ஒரு பக்கம் பாயும். காற்று வெளியேறும் குழாய் இல்லை. நாகமுலாம் பூசிய தகட்டில் செய்தால் துருப்பிடிக்காது என்று நினைக்கிறார்கள். நாகம் டீசலோடு வேலை செய்து வழவழப்பான படிவை உண்டாக்கும், அது வடிகட்டியை அடைக்கும். ஒரு வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடியில் தண்ணீர், அதன்மேல் கறுப்பாகச் சளி போல ஒரு படலம், விரலில் எடுத்தால் நூலாக இழுபடும். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வளரும் நுண்ணுயிர் அது. ஈரக் காற்றுள்ள ஊரில் பெரிய தாங்கியைப் பாதி வெறுமையாக வைத்திருந்தால் சுவரில் வியர்க்கும், அந்தத் தண்ணீர் கீழே இறங்கும். தாங்கி பெரிதானால் இந்தத் தொல்லையும் பெரிதாகும்.

செய்தே தீர வேண்டுமென்றால் அதே மாதிரிக்கென்று செய்த தாங்கியை வாங்குங்கள். எரிபொருள் முள் சரியாகக் காட்டுவதற்கு மிதவையையும் அளவு திருத்த வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தீப்பற்றினால் முதலில் அவர்கள் கேட்பது அதைத்தான்.

வெள்ளவத்தை ஒழுங்கை

2022ஐப் பாஸ் எடுத்துவிட்டார், நானும் சொல்கிறேன். பெரிய தாங்கி இருந்தால் அந்தக் காலத்தில் தப்பித்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வாரம் தப்பித்திருக்கலாம். 2022 ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். அதன்பின் வாகனத்துக்கு ஒரு குறியும் வாராந்தக் கோட்டாவும் என்ற கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. தாங்கி 45 லீற்றர் உள்ள காருக்கும் 90 லீற்றர் உள்ள காருக்கும் அதே 20தான். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்த முறை நீங்கும்வரை தாங்கியின் அளவை யாரும் கேட்கவில்லை, கியூஆர் குறியைத்தான் கேட்டார்கள்.

விலையையும் மறந்துவிட வேண்டாம். 2022 தொடக்கத்தில் ஓட்டோ டீசல் லீற்றர் 121 ரூபாய், ஜூன் கடைசியில் 460. 80 லீற்றர் தாங்கியை நிரப்ப 9,680 ரூபாய் போதுமாயிருந்தது, ஆறு மாதத்தில் 36,800 ஆனது. "ஃபுல் டாங்க்" என்று சொல்வதையே மக்கள் மறந்தார்கள். இரண்டாயிரத்துக்கு, மூவாயிரத்துக்கு என்றுதான் அடித்தார்கள்; இன்னும் பலருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்

என் மனதில் இருந்ததும் 2022தான், மறைக்க என்ன இருக்கிறது. வாடகை லொறிக்காரர் டீசல் இல்லையென்று பாதிவழியில் சரக்கை நிறுத்திவிட்டார். அதன்பின் பெரிய தாங்கி என்றாலே ஒரு ஆசை. ஆனால் வாராந்தக் கோட்டா என்று வந்தால் அது உதவாது என்பது புரிகிறது.

சரி, துணைத் தாங்கி யோசனையை விட்டுவிடுகிறேன். வாங்கும் முன் ஒரு வண்டி லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று சோதிக்க வழி உண்டா? பாவித்த வண்டி ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன், 33 அங்குல டயர் போட்டது. பார்க்க எடுப்பாக இருக்கிறது.

பஞ்சிகாவத்தை பாஸ்

திரையில் காட்டும் சராசரியை நம்பாதீர்கள். ஒரு ஷெட்டில், ஒரு பம்பில், முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். பயண அளவியைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். குறைந்தது 200 கிலோமீற்றர் ஓட்டுங்கள். அதே ஷெட்டில், அதே பம்பில், வண்டி அதே பக்கம் சாய்ந்து நிற்கும்படி நிறுத்தி, மறுபடி முதல் நிற்றல்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போன லீற்றரால் வகுத்தால் வந்தது உண்மை.

டீசல் நுரைக்கும். வேகமாக அடித்தால் நுரை குழாயைத் தொட்டு முன்கூட்டியே நின்றுவிடும். பம்ப்காரப் பையனிடம் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று லீற்றர் வித்தியாசம் அதிலேயே வரும். பெற்றோல் வண்டியில் நின்றபின் திணித்து அடிக்கக் கூடாது, ஆவியை உறிஞ்சும் கரிக் குடுவைக்குள் பெற்றோல் போய்விடும்.

கணக்கன்

33 அங்குல டயர் என்றால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. கம்பெனி டயர் 265/65 ஆர்17 என்றால் விட்டம் 776 மில்லிமீற்றர். அதற்குப் பதில் 285/70 ஆர்17 என்றால் 831. ஏழு வீதம் கூட. வண்டி 107 கிலோமீற்றர் ஓடியிருக்கும், அளவி 100 என்று காட்டும். ஆக லீற்றருக்கு 9 என்று கணக்கு வந்தால் உண்மை 9.6. வேகமும் அப்படித்தான்: திரையில் 70 என்றால் உண்மையில் 75, பொலிஸ்காரரின் கருவிக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கனமான டயரைச் சுழற்ற உண்மையாகவே கூடுதல் டீசலும் போகிறது. எது எவ்வளவு என்று பிரிக்க, தொலைபேசியின் செய்மதி வழிகாட்டித் தூரத்தை வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

ஹற்றன் வீதி

எடுப்பாக இருக்கும் வண்டியை வாங்கிக் கிளிநொச்சிக்குச் சுவிட்சும் பல்பும் ஏற்றப்போகிறீர்களா? கம்பெனி டயரோடு உள்ளதைப் பாருங்கள். காற்று அழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சுமைக்கென்று எழுதியுள்ளபடி வையுங்கள். பெட்டியின் மேல் சரக்கு உயர்ந்தால் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள், படபடக்க விடாதீர்கள். வேகவீதியில் போனால் 100 என்று பலகை போட்டிருக்கிறதென்று 100இல் போகாதீர்கள். 80இலிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு.

ஸ்காபரோ தம்பி

அண்ணா, நான் வந்தபோது என்னுடைய 136 லீற்றரைப் பற்றித்தான் பேச்சு இருந்தது. இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. போகட்டும். அடுத்த வருடம் வரும்போது உங்கள் கெப்பில்தான் யாழ்ப்பாணம் போவோம்.

கொட்டாஞ்சேனைக்காரன்

டீசல் நீ அடிப்பதாக இருந்தால் வா.

பாவித்த வண்டி விற்பவரிடம் பேசினேன். சோதனை ஓட்டத்துக்குச் சம்மதித்தார், டீசல் என் செலவில். ஞாயிற்றுக்கிழமை புத்தளம்வரை போய் வருகிறோம். 80 லீற்றர் தாங்கிதான், ஆனால் மூடியில் பூட்டு உடைந்திருக்கிறது. 33 அங்குல டயரைக் கழற்றிவிட்டுப் பழைய டயரைப் போட்டுத் தருவாராம், விலையிலும் கொஞ்சம் குறைப்பாராம். பாஸ் ஐயா, அந்தப் பூட்டு மூடி உங்கள் பக்கம் கிடைக்குமா?

பஞ்சிகாவத்தை பாஸ்

கிடைக்கும். பழைய மூடியைக் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். திருகு அமைப்பில் இரண்டு வகை இருக்கிறது, படம் அனுப்பினால் பிழையானதைத் தந்துவிடுவார்கள். டீசல் வடிகட்டியையும் அன்றே மாற்றிவிடுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நின்று, கிண்ணத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.